பிடித்தம்

விடிவதற்கு முன்பே வரிசை
கட்டடத்தைச் சுற்றி இரண்டு மடிப்பு மடிந்திருந்தது.
மடிப்பு என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.
இருபத்துமூன்று வருஷம் கால்சட்டை தைத்தவளுக்கு
வேறெப்படி வரும்.

எனக்குப் பின்னால் நொம்புசோ, காஜா மெஷின்.
அவளுக்குப் பின்னால் இஸ்திரிக்காரர்கள், பெட்டி கட்டுகிறவர்கள்.
வெட்டுமேசை ஆட்கள் எல்லோருக்கும் முன்னால்.
ஃபேக்டரியில் உட்கார்ந்த அதே ஒழுங்கு.
யாரும் சொல்லி நிற்கவில்லை.

மோபெனியில் எங்கள் கதவுக்குச் சங்கிலி விழுந்து ஆறு வாரம்.
கடைசி நாளில் முதலாளி அழுதார்.
"நம்மிடம் ஒன்று தைக்க ஆகிற கூலிக்கு
அங்கிருந்து முழுக் கால்சட்டையே வந்திறங்குகிறது,
ஜிப்போடு, பட்டனோடு, தொங்குகிற அட்டையோடு."
அழுகையை நம்பினேன்.
வாசலில் நின்ற அவர் காரையும் பார்த்தேன்.

கவுன்டரில் ஸொண்டி என்றொரு பையன், தொண்டையில் சளி.
"மிசஸ் கெங்கன், வேலை போன காரணம்?"
ராஜினாமா, ஒப்பந்த முடிவு, நீக்கம், ஆட்குறைப்பு, மரணம்.
கப்பல் என்று ஒரு கட்டம் இல்லை.
ஆட்குறைப்பு என்றேன்.

"இது தருமம் இல்லை அம்மா," அவனாகவே சொன்னான்,
"உங்கள் காசுதான் உங்களுக்குத் திரும்புகிறது."
தெரியும்.
வாராவாரம் சம்பளச் சீட்டின் அடியில் நூற்றுக்கு ஒன்று.
ரயில்வேயில் இருந்த அப்பா அதைப் பிடித்தம் என்பார்.
யாருக்கும் பிடிக்காத ஒன்றுக்கு
அந்தப் பேர் எப்படி வந்ததென்று
வீட்டில் சிரித்திருக்கிறோம்.

எட்டு மாதம் தாண்டினால் தொகை சுருங்குமாம்.
துவைத்த பருத்தி மாதிரியா, என்று கேட்டேன்.
அவனுக்குப் புரியவில்லை.
"மறுபயிற்சி வேண்டுமா? மூன்று இருக்கின்றன:
கணினி, கேக் அலங்காரம், முதியோர் பராமரிப்பு."
"முதியோர்," என்றாள் பின்னாலிருந்து நொம்புசோ,
"எப்படியும் ஆகத்தானே போகிறோம்."
இஸ்திரி வரைக்கும் சிரிப்பு போனது.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"
முன்பக்க ஜிப். முப்பத்தெட்டு நொடிக்கு ஒன்று.
அவன் எழுதினான்: தையல்.

முத்திரைக் கட்டை எடுக்க எழுந்தான்.
கண் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது, தொழில் புத்தி.
இரட்டைத் தையல் நேராகத்தான் ஓடியிருந்தது.
முனையில் மட்டும் கெட்டித் தையல் இல்லை.
பத்துச் சலவை தாங்கும், அவ்வளவுதான்.
நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.
"ஸ்பிரிங்ஃபீல்டில் வாங்கினேன்," குனிந்துகொண்டு சொன்னான், "மலிவு."
என் மகனுக்கும் அங்கேதான் வாங்கினேன் என்றேன்.
எந்த ஊரோ, எவளோ.
அவளுக்கு
முப்பத்தெட்டு நொடிகூடக் கொடுக்கவில்லை போல.

கடைசிக் கட்டம். வீட்டில் வேறு வருமானம்?
உண்டு. தம்பி லோகன்.
என்ன வேலை?
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

ஸொண்டியின் பேனா ஒரு கணம் நின்றது.
பிறகு எழுதினான். துறைமுகம். ஒற்றைச் சொல், நல்ல கையெழுத்து.

மியர்பேங்க் வீட்டு மாடிப்படியில் நின்றால்
நங்கூரமிட்டுக் காத்திருக்கிற கப்பல்களின் விளக்குகள் தெரியும்.
முன்பெல்லாம் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொல்வான்,
இன்றைக்கு இத்தனை பெட்டி அக்கா என்று.
பெட்டியின் நாலு மூலையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்,
ஒரு மூலை தவறினாலும் தூக்கக்கூடாது என்பான்.
நிறைய இறக்கினால் போனஸ்.
போன மாத மின்சாரம் அந்தப் பெட்டிகள் கட்டியது.
இப்போது அவன் எண்ணிக்கை சொல்வதில்லை.
நான் கேட்பதும் இல்லை.
பீன்ஸ் குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றுகிறேன்,
வேண்டாம் என்கிறான், சாப்பிடுகிறான்.

நேற்றுத் துவைக்கப் போடுமுன் அவன் பையைத் துழாவினேன்.
ஒரு திருகாணி, நசுங்கிய சிகரெட், சம்பளச் சீட்டு.
அடியில் அதே வரி. நூற்றுக்கு ஒன்று.

மடிப்பை நீவி
சீனி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்,
நனையாமல்.